ஏற்காடு ஏற மறுக்கும் பழைய ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸை இறக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

சேலத்தில் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் இப்போது கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. முதல் கார் வாங்குபவர்களும், முழங்கால் வலியோடு க்ளட்ச் மிதிக்க முடியாத பெரியவர்களும் நிறைய பேர் வாங்குகிறார்கள். அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் ஓட்டும்வரை ஒரு குறையும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பி, அடிவாரம் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. இல்லையென்றால் கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் 'டொக்' என்று ஓர் இடி விழும். மறுநாள் பட்டறைக்குப் போனால், பல இடங்களில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் வருகிற பதில்: "பாக்ஸ் போயிடுச்சுங்க, இறக்கிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

இறக்கலாம், ஆனால் அது கடைசி வேலை. ஒரு தடவை இறக்கிப் பிரித்துவிட்டால் கூலி, கேஸ்கெட் செட், ஆயில் என்று பணம் ஓட ஆரம்பித்துவிடும், பழைய காரின் விலையில் பெரிய பங்கை அதுவே தின்றுவிடும். அதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே, கொஞ்சம் பொறுமையும் ஒரு டார்ச் லைட்டும் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. செலவே இல்லாததில் தொடங்கி, செலவு அதிகமானதை நோக்கிப் போக வேண்டும். கீழே உள்ளதையும் அதே வரிசையில்தான் எழுதியிருக்கிறேன், அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில், எந்த வகைப் பெட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

க்ளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாம் ஒன்றல்ல. நம் ஊர்ச் சாலைகளில் நாலு வகை ஓடுகின்றன, நாலுக்கும் நோயும் வேறு, மருந்தும் வேறு.

டார்க் கன்வர்ட்டர் வகைதான் பழையது, உறுதியானது. ஹூண்டாய் ஐ10, மாருதி ரிட்ஸ், ஏ-ஸ்டார், முதல் எர்டிகா ஆகியவற்றின் 4 கியர் ஆட்டோமேட்டிக், 2009 முதல் 2013 வரை வந்த ஹோண்டா சிட்டியின் 5 கியர் ஆட்டோமேட்டிக், பழைய டொயோட்டா கொரோலா எல்லாம் இதில் சேரும். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் க்ளட்ச் தட்டுக்குப் பதிலாக ஆயிலே விசையைக் கடத்துகிறது. அதனால்தான் இந்த வகைக்கு ஆயில்தான் உயிர்.

சிவிடி வகையில் படிப்படியான கியர்களே கிடையாது, இரண்டு புல்லிக்கு நடுவில் ஒரு எஃகு பெல்ட் ஓடும். 2014-க்குப் பிந்தைய ஹோண்டா சிட்டி, நிசான் மைக்ரா சிவிடி இதற்கு உதாரணம். ஏற்றத்தில் இன்ஜின் ஒரே சத்தத்தில் கத்திக்கொண்டே இருப்பது இதன் இயல்பு, அதைப் பழுது என்று நினைத்து பயப்படாதீர்கள்.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். க்ளட்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் மட்டும் ஒரு கருவி செய்கிறது. 2014-ல் மாருதி செலெரியோவோடு இது இங்கே பரவலானது. லீவரில் 'பி' (பார்க்கிங்) இல்லாமல் 'ஆர், என், டி' (ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ்) மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஏஎம்டிதான். நாலாவது, போக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் வருகிற டிஎஸ்ஜி, அதாவது இரட்டை க்ளட்ச்.

கையேடு இல்லையென்றால் காரின் மாடல், வருடம் இரண்டையும் சொல்லி பார்ட்ஸ் கடையில் கேட்டாலே எந்த வகை என்று சொல்லிவிடுவார்கள். கீழே பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டரைப் பற்றித்தான் பேசப்போகிறேன், பழைய கார் வாங்குபவர்கள் கையில் அதிகம் இருப்பது அதுதான். மற்ற மூன்றையும் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அறிகுறியை நோட்டில் எழுதுங்கள்

"கியர் சரியில்லை" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எப்போது, எங்கே, எப்படி என்பதுதான் முக்கியம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா? எந்த கியரிலிருந்து எந்த கியருக்குப் போகும்போது? என்ன வேகத்தில்? மெதுவாக மிதித்தாலா, அழுத்தி மிதித்தாலா? ரிவர்ஸிலும் உண்டா, முன்னால் போகும்போது மட்டுமா? டேஷ்போர்டில் ஏதாவது விளக்கு சிமிட்டுகிறதா? ஹோண்டாவில் 'டி' எழுத்தே சிமிட்டும், வேறு பல வண்டிகளில் 'ஓ/டி ஆஃப்' (ஓவர்டிரைவ் எனும் மேல் கியர் அணைந்திருப்பதைக் காட்டுவது) என்ற விளக்கு சிமிட்டும். அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கோளாறைப் பதிவு செய்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் ஸ்லிப் ஆனால், அதாவது இன்ஜின் சுற்று ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால், ஆயில் நீர்த்துப்போனதாலோ உள்ளே சீல் தேய்ந்து அழுத்தம் கசிவதாலோ இருக்கலாம். காலையில் மட்டும் 'டி' போட்டு ரெண்டு விநாடி கழித்து நகர்ந்து, அப்புறம் நாள் முழுக்கச் சரியாக இருந்தால், ராத்திரியெல்லாம் நின்றதில் ஆயில் கீழே இறங்கிவிடுகிறது என்று பொருள், அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தாலே நல்ல மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒரு சின்னப் பரிசோதனையும் சொல்கிறேன். வண்டி சூடாக இருக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, முன்னால் பின்னால் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திப் பிடியுங்கள். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க 'என்'-லிருந்து 'டி'-க்கு மாற்றுங்கள். கியர் விழும்போது உடம்பில் ஒரு லேசான அதிர்வு தெரியும். மாற்றியதிலிருந்து அதுவரை எவ்வளவு நேரம் என்று பக்கத்தில் இருப்பவரை போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டொயோட்டா சர்வீஸ் கையேடுகளில் 'டி'-க்கு 1.2 விநாடிக்குள், 'ஆர்'-க்கு 1.5 விநாடிக்குள் விழ வேண்டும் என்று இருக்கும், மற்ற வண்டிகளுக்கும் ஒரு குத்துமதிப்புக்கு இதையே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் தாமதமானால் ஆயில் அளவையும் அழுத்தத்தையும் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் தாமதமானால் பெட்டிக்குள் அந்தக் கியரைப் பிடித்து நிறுத்தும் க்ளட்ச் பேக்கோ பேண்டோ தேய்ந்திருக்கலாம். பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் முழுக்க மிதித்துப் பார்க்கும் ஸ்டால் டெஸ்டை மட்டும் புதியவர்கள் செய்யவே வேண்டாம், சில விநாடிகளிலேயே ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

ஆயில்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பானட்டைத் திறந்தால் இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக் ஒன்று இருக்கும், கியர்பாக்ஸ் பக்கம் தாழ்வாக இன்னொன்று ஒளிந்திருக்கும். சில வண்டிகளில் இரண்டாவது டிப்ஸ்டிக்கே கிடையாது, அதைப் பின்னால் பார்ப்போம்.

அளவு பார்க்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தப்பு நடப்பதும் இங்கேதான். டொயோட்டா போன்ற பெரும்பாலான வண்டிகளில் பெட்டி நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் 'பி'-யில் வைத்து, பிறகு பார்க்க வேண்டும். ஹோண்டாவில் நேர் எதிர்: சூடான வண்டியை சமதளத்தில் நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்து, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். ஹோண்டாவை ஓடவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பி மேலும் ஊற்றுவார்கள். அளவுக்கு மேல் போன ஆயில் உள்ளே சுழலும் பாகங்களில் அடிபட்டு நுரைக்கும், நுரைத்த ஆயிலுக்கு அழுத்தம் நிற்காது, குறைவாக இருந்தால் எப்படி ஸ்லிப் ஆகுமோ அப்படியே ஸ்லிப் ஆகும். ஆகவே உங்கள் வண்டிக் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு பானட்டைத் திறங்கள்.

டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியில் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள், குறைவாகக் காட்டும் பக்கத்தையே கணக்கில் எடுங்கள். பிறகு ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்துக் காத்திருங்கள். நல்ல ஆயில் சிவப்பாக, நடுவில் கறை இல்லாமல் அகலமாகப் பரவும். கொஞ்சம் வயதான ஆயில் செங்கல் நிறத்துக்கோ பழுப்புக்கோ வந்திருக்கும், வாசனை மாறியிருக்காது, மாற்றினால் போதும். கருப்பாக, சொட்டின் நடுவில் மை போலத் திட்டு நின்று, மூக்கருகில் கொண்டுபோனால் கருகிய வாடை அடித்தால், உள்ளே க்ளட்ச் தட்டுகளின் மேற்பூச்சு எரிந்திருக்கிறது. விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்று தட்டுப்படுவதும் நல்லதல்ல.

இன்னொன்று உண்டு, அதைக் கண்டால் உடனே சாவியை எடுத்துவிடுங்கள்: ரோஸ் நிறத்தில் பால் கலந்ததைப் போல இருப்பது. ஆயிலில் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது. பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்கு உள்ளேயே இருக்கும். அது அரித்து ஓட்டை விழுந்தால் இரண்டும் கலக்கும். நம் ஊரில் இதற்கு ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது, கூலன்ட் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றுவது. சேலம் பக்கம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்தாலே தெரியும், அதே உப்பு ரேடியேட்டரையும் அரிக்கிறது. பழைய கார் வாங்கினால் ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து பாருங்கள். துருத் தண்ணீர் இருந்தால் கியர்பாக்ஸுக்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டும். கூலன்ட் கலந்த ஆயிலோடு கொஞ்ச தூரம் ஓட்டினால்கூட க்ளட்ச் தட்டுகளின் பசை விட்டுப்போகும். தேங்கிய மழைநீரில் இறங்கி ஏறிய வண்டியிலும் காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் புகுந்து இதே நிறம் வரலாம்.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில், பெட்டியின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு ஓவர்ஃப்ளோ போல்ட் இருக்கும். ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் பார்த்து, கம்பெனி சொன்ன டிகிரிக்கு வரும்போது அதைத் திறந்து, மெல்லிசாக ஒழுகினால் அளவு சரி என்று எடுத்துக்கொள்வார்கள். இதை லிஃப்ட் இருக்கும் பட்டறையில் விட்டுவிடுவதே நல்லது. "சீல்டு பாக்ஸ், ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், பத்து வயது தாண்டிய வண்டிக்கு அது பொருந்தாது.

எந்த ஆயில் என்பதில் சமரசமே கூடாது. 'எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்' என்று எழுதிய டின்னை விட, உங்கள் வண்டிக்கு எழுதிய பெயரைத் தேடுங்கள். ஐ10-க்கு எஸ்பி-3, ஹோண்டா டார்க் கன்வர்ட்டருக்கு முன்பு இசட்1, இப்போது அதற்குப் பதில் டிடபிள்யூ-1, டொயோட்டாவில் வருடத்தைப் பொறுத்து டி-4 அல்லது டபிள்யூஎஸ், 2014-க்குப் பிந்தைய ஹோண்டா சிட்டி சிவிடிக்கு எச்சிஎஃப்-2. சிவிடி பெட்டியில் சாதாரண சிவப்பு ஏடிஎஃப்-ஐ (ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை) ஊற்றினால் பெல்ட் வழுக்கி, புல்லி கீறிப் பெட்டியே வீணாகும்.

மாற்றலாமா, அப்படியே விடலாமா?

இதைப் பற்றி ஊருக்கு ஊர் ஒரு கருத்து. "ரொம்ப நாள் மாற்றாத ஆயிலை இப்போது மாற்றினால் பாக்ஸ் போய்விடும்" என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஏற்கெனவே எரிந்து தேய்ந்த பெட்டியில், பழைய ஆயிலில் மிதக்கும் துகள்தான் கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும், புது ஆயில் ஊற்றியதும் அதுவும் போய்விடும். ஆனால் அந்தப் பெட்டி எப்படியும் போகிற வழியில்தான் இருந்தது. ஆயில் பழுப்பாக, வாடையில்லாமல் இருந்து, கியர் மாறுவதில் சின்னச் சின்ன இடியும் 40, 60 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் வரிசையாகப் போட்ட சின்ன மேடுகள் மேல் ஓடுவதைப் போன்ற நடுக்கமும் மட்டும் இருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். அந்த நடுக்கம் டார்க் கன்வர்ட்டருக்குள் இன்ஜினையும் கியரையும் நேராகப் பூட்டும் லாக்-அப் க்ளட்ச் பிடிக்கும்போது வருவது, ஆயில் மாற்றியே சரியான வண்டிகள் நிறைய உண்டு.

அழுத்தம் கொடுத்து மெஷினில் கழுவும் 'ஃப்ளஷ்' பழைய பெட்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டு ஊற்றுவதே பாதுகாப்பு. இப்படி வடித்தால் ஏறக்குறைய பாதி ஆயில்தான் வரும், மீதி டார்க் கன்வர்ட்டருக்குள்ளேயே நிற்கும், ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி ஒன்று இரண்டு தடவை வடித்து ஊற்ற வேண்டும்.

வீட்டில் செய்வதானால், சமதளம், சக்கரத்துக்குக் கல், ஜாக்கி மட்டும் வைத்துக்கொண்டு அடியில் நுழையக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். ஆயில் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். போல்ட்டைத் திறக்கும் முன், அது இன்ஜின் ஆயில் போல்ட்டா கியர்பாக்ஸ் போல்ட்டா என்று ரெண்டு தடவை பாருங்கள். பல ஹோண்டா பெட்டிகளில் போல்ட் தலையில் சதுரக் குழி இருக்கும், 3/8 அங்குல ராட்செட், சாக்கெட் இல்லாமல் நேராக அதில் உட்காரும். வடித்த ஆயிலைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அளந்து, எவ்வளவு வந்ததோ அவ்வளவே புதிதாக ஊற்றுங்கள், வாஷர் புதிது போடுங்கள். போல்ட் நுனியிலோ, அடித்தட்டுக்குள்ளோ ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மாவு போல மசி படிந்திருந்தால் இயல்பான தேய்மானம், துடைத்துப் போட்டுவிடலாம். ஊசி போன்ற இரும்புச் சீவல்களோ, உடைந்த சில்லுகளோ இருந்தால் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு பெட்டியை இறக்கச் சொன்னால் நியாயம்தான். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஏதாவது பட்டறையின் கழிவு ஆயில் டிரம்மில் கொடுத்துவிடுங்கள்.

பெட்டிக்கு வெளியே இருக்கும் குற்றவாளிகள்

எங்கள் தெருவில் ஒருவருக்கு, ஒருநாள் காலை லீவர் 'பி'-யிலிருந்து நகரவே இல்லை. "பாக்ஸ் ஜாம் ஆயிடுச்சு, வண்டியைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். பின்னால் போய் நின்று, "அண்ணா, பிரேக்கை மிதிங்க" என்றேன், பிரேக் விளக்கு எரியவில்லை. பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்ச் போயிருந்தது. பிரேக் மிதித்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாததால் லீவர் பூட்டு திறக்கவில்லை, அவ்வளவுதான். லீவர் பக்கத்தில் 'ஷிஃப்ட் லாக்' என்று ஒரு சின்ன மூடி இருக்கும், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு சாவியை அதில் நுழைத்து அழுத்தினால் லீவர் நகரும், அந்த வண்டியையும் அப்படித்தான் கடைக்கு ஓட்டிப் போனோம்.

இதைப் போல வெளியே இருந்துகொண்டு கியர்பாக்ஸ் மேல் பழி போடும் விஷயங்கள் பல. பேட்டரி வலுவில்லாமல் இருந்தால் கியர் கம்ப்யூட்டரும், ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வுகளான சோலினாய்டுகளும் கண்டபடி நடக்கும். மல்டிமீட்டரில் ராத்திரி நின்ற வண்டிக்கு 12.4 வோல்ட்டுக்கு மேலும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். 'பி'-யில் ஸ்டார்ட் ஆகாமல் 'என்'-ல் ஆனால், பெட்டி மேல் இருந்து லீவர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் இன்ஹிபிட்டர் சுவிட்சோ லீவர் கேபிளோ நகர்ந்திருக்கிறது. லீவர் தொளதொளவென்று ஆடி, நீங்கள் வைக்கும் இடத்துக்கும் டேஷ்போர்டு காட்டும் எழுத்துக்கும் பொருத்தமில்லாமல் போனால் கேபிள் நுனி புஷ் உடைந்திருக்கும், சில நூறு ரூபாய் வேலை.

'டி' போட்டதும் 'டொக்' என்று இடிக்கிறதா? இன்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள். பானட்டைத் திறந்து வைத்து, ஓட்டுநர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி 'ஆர்', 'டி' என்று மாற்றட்டும், நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு நேர் முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் தொட்டில் ஆடுவதைப் போலத் தூக்கிப் போட்டால் ரப்பர் கிழிந்திருக்கிறது. அப்புறம் இன்ஜினே மிஸ் ஆவது: ஒரு பிளக்கோ காயிலோ போனாலும் ஏற்றத்தில் வரும் உதறல் கியர் ஸ்லிப் மாதிரியே இருக்கும். தொண்ணூறுகளின் வண்டிகளில் த்ராட்டிலிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒரு கேபிள் உண்டு, அது தளர்ந்தால் கியர் சீக்கிரமாக, வழுக்கலாக மாறும், இறுக்கினால் சரியாகும். 'டி' போட்டால் சத்தம் மட்டும் வந்து வண்டி நகரவில்லையென்றால் ஆக்ஸில் ஷாஃப்ட் கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மலையைப் பற்றி ஒன்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜின் மேலே போய்ச் சேரும்போது பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சக்தியை இழந்திருக்கும். நாலு பேரும் லக்கேஜும் ஏசியும் சேர்ந்தால் 1.1 லிட்டர் வண்டி திணறத்தான் செய்யும். ஆர்.பி.எம் ஏறி வேகமும் மெதுவாக ஏறினால் அது சக்திக் குறைவு. ஆர்.பி.எம் மட்டும் துள்ளி ஏறி, வேகம் அப்படியே நின்றால்தான் ஸ்லிப்.

ஸ்கேனர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்னப் புளூடூத் கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதில் பி0700 என்ற கோளாறு எண் வந்தால் கியர் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல விரும்புகிறது என்று மட்டும் பொருள், உண்மையான கோளாறு எண் அதற்குள் இருக்கும். பல மலிவுக் கருவிகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது, கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் படிக்கச் சொல்லுங்கள். பி0705 என்றால் இன்ஹிபிட்டர் சுவிட்ச், பி0715, பி0720 என்றால் வேக சென்சார்கள், பி0740 என்றால் லாக்-அப், பி0750 என்றால் ஷிஃப்ட் சோலினாய்டு. இவற்றில் பலவற்றை, வயரையும் கனெக்டரையும் துடைத்துப் பார்த்து, சென்சாரையோ சோலினாய்டையோ மட்டும் மாற்றியே சரிசெய்யலாம். பி0730 வந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது உண்மையிலேயே ஸ்லிப் ஆகிறது. கோளாறு எண்ணை அழிக்கும் முன் கட்டாயம் எழுதி வையுங்கள். வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றுகொண்டு எதற்கும் மாறவில்லையென்றால், அது பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலை, மெதுவாக வீடு வந்து சேரலாம், மலை ஏறக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பது: முதலில் சமவெளி, பிறகுதான் மலை

காலை நேரத்தில் ஓமலூர் பக்கம் நாலுவழிச் சாலையில், இன்னொருவரை நோட்டோடு உட்காரவைத்து ஓட்டுங்கள். லேசாக மிதித்து எல்லா கியரும் விழுகிறதா, எந்த வேகத்தில் விழுகிறது, விட்டுவிட்டு அழுத்தினால் கீழ் கியருக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இதில் தேறினால்தான் அடிவாரம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்ட பலகை இருப்பதால், எந்த வளைவில் என்ன நடந்தது என்று எழுதுவது வசதி. முதல் வளைவிலேயே வந்தால் ஒரு பொருள், பத்து தாண்டிச் சூடானபின் வந்தால் வேறு பொருள்.

ஏறும்போது லீவரை 'டி'-யிலேயே விட்டுவிட்டால் பெட்டி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மாறி மாறித் தவிக்கும், ஒவ்வொரு மாற்றமும் சூடு. ஓ/டி-யை ஆஃப் செய்யுங்கள், வளைவுகள் நெருக்கமான இடத்தில் '2'-ல் வையுங்கள். மே மாதக் கோடை விழா நெரிசலில் மாட்டினால் ஆக்சிலரேட்டரால் வண்டியைச் சரிவில் நிறுத்திப் பிடிக்காதீர்கள், பிரேக்கில் நில்லுங்கள், நிற்பது நீளமானால் ஹேண்ட் பிரேக் போட்டு 'என்'. ஏஎம்டிக்கும் டிஎஸ்ஜிக்கும் இது இன்னும் முக்கியம், அப்படிப் பிடிப்பதில் க்ளட்ச் எரிந்தே போகும். இறங்கும்போது '2' அல்லது 'எல்', எக்காரணம் கொண்டும் 'என்'-ல் உருளவிடாதீர்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். சரிவில் நிறுத்தும்போது, கால் பிரேக்கில் இருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கை முதலில் இழுத்து, வண்டியின் பாரம் அதில் உட்கார்ந்த பிறகு 'பி' போடுங்கள். மாற்றிச் செய்தால் மொத்தப் பாரமும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும்.

வழியில் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடாதபோது உள்ளே ஆயில் பம்ப் ஓடாது, சக்கரம் மட்டும் சுற்றினால் பெட்டி வறண்டு தேயும். முன் சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் லாரியில் ஏற்றியோதான் இறக்க வேண்டும்.

மற்ற மூன்று வகை, சுருக்கமாக

ஏஎம்டியில் தயக்கமும் உதறலும் பெரும்பாலும் க்ளட்ச் தேய்மானம்தான். க்ளட்ச் மாற்றியபின் ஸ்கேனர் வைத்து க்ளட்ச் பிடிக்கும் அளவைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையைச் செய்தார்களா என்று கேளுங்கள், அதைச் செய்யாமல் விட்டால் புது க்ளட்சும் உதறும். ஆக்சுவேட்டருக்குத் தனியாக ஒரு ஹைட்ராலிக் ஆயில் டப்பா இருக்கும் வண்டிகளில் அதன் அளவையும் பாருங்கள். சிவிடியில் ஊளையிடும் சத்தமும் வேகம் பிடிக்கும்போது உதறலும் வந்தால் ஆயில் மாற்றம்தான் முதல் முயற்சி, கீறல் சத்தமாக மாறினால் ஓட்டுவதை நிறுத்துங்கள். டிஎஸ்ஜியில் ஸ்கோடா லாரா போன்றவற்றின் 6 கியர் ஈர வகைக்கு (க்ளட்ச் ஆயிலில் நனைந்தபடி ஓடுவது) 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். போலோ ஜிடி டிஎஸ்ஐ-யின் 7 கியர் உலர் வகை, நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும், கியரையும் க்ளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் பாகத்தின் கோளாறை வீட்டில் தொட முடியாது.

இதற்குப் பிறகும் இறக்கத்தான் வேண்டும் என்றால்

ஆயில் கருகி, பி0730 பதிவாகி, காந்தத்தில் சீவலும் இருந்தால் மறுக்க ஒன்றுமில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கமோ வேறெங்கோ, ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தாங்களே பிரித்து மாட்டும் ஆளைத் தேடுங்கள், வெளியே கொடுத்து வாங்குபவரிடம் கேள்விக்குப் பதில் கிடைக்காது. உங்கள் நோட்டையும் புகைப்படத்தையும் காட்டுங்கள், அதைப் பார்த்துவிட்டு அவர் ஓட்டிப் பார்க்க ஒரு சுற்றுக் கேட்டால் நல்ல ஆள். என்னென்ன மாற்றுகிறார், கேரண்டி எத்தனை மாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய தட்டுகளைத் திருப்பிக் கேளுங்கள். டார்க் கன்வர்ட்டரையும் சேர்த்துச் சரிபார்க்கிறாரா என்று கேட்டுவிடுங்கள், பழைய துகள்கள் அதற்குள்தான் அதிகம் தங்கும். ரேடியேட்டருக்குப் போய்வரும் கூலர் குழாய்களையும் கழுவ வேண்டும், ரேடியேட்டர் துருவேறியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் புதிதாக்கினால், குழாயில் நின்ற பழைய இரும்புத் தூள் முதல் ஸ்டார்ட்டிலேயே ஆயிலைப் பெட்டிக்குள் பிரித்து அனுப்பும் புது வால்வ் பாடிக்குள் திரும்பி வந்துவிடும்.